பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தோம்

கல்லூரியின் பெயரையும் இதழின் பெயரையும் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு 150 பேர் எம்.பி.பி.எஸ். சேரும் கல்லூரிகளில் ஒன்று, அவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டாம் ஆண்டு முடியும் சமயத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மருத்துவ அறவியலுக்கென்று ஒரு மாணவர் இதழைத் தொடங்கினோம். இரண்டரை வருடம் அதன் ஆசிரியர்களில் ஒருவனாக இருந்தேன். இப்போது ஹவுஸ் சர்ஜன். இரவு டியூட்டியில் கிடைக்கிற இடைவெளிகளில் இதை எழுதுகிறேன். நடுவில் கோர்வை விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய லட்சியம் எதுவும் வைத்துத் தொடங்கவில்லை. 2019இல் மருத்துவப் பாடத்திட்டத்தை மாற்றியபோது 'ஏட்காம்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதம், அறம், பேச்சு மூன்றையும் சொல்லித்தரும் வகுப்பு. எங்களுக்கு அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். பாதிப் பேர் தூங்குவோம். ஒரு நாள் மேடம், "எங்க அப்பாவுக்குக் கேன்சர்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்னு ஒரு மகன் வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். தூங்கியவன் எல்லாம் எழுந்துவிட்டான். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தாவோ பெரியம்மாவோ இருந்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்தும் பேச்சு ஓயவில்லை, ராத்திரி மெஸ்ஸில் சண்டையாகவே ஆனது. இதையெல்லாம் எழுதி வைத்தால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். இதழ் பிறந்த கதை அவ்வளவுதான்.

முன்மாதிரி தேடினோம். மும்பையில் 1993இல் ஒரு சிறு குழுவாகத் தொடங்கி இன்றுவரை வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் இருந்தது. அதன் பழைய இதழ்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து இளநிலை மாணவர்கள் நடத்தும் பென் பயோஎதிக்ஸ் ஜர்னலைப் பார்த்தபோது, மாணவர்களாலும் முடியும் என்று தைரியம் வந்தது. முதலாவதிலிருந்து எதைப் பற்றி எழுதலாம் என்று கற்றுக்கொண்டோம், இரண்டாவதிலிருந்து அட்டை வடிவமைப்பை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று மாதம் அட்டைக்குத்தான் அதிக நேரம் செலவழித்தோம்.

கட்டுரை கேட்டு அறிவிப்பு ஒட்டினோம். வந்ததில் பாதிக்கு மேல் கருணைக்கொலை. மும்பையில் 1973இல் தாக்கப்பட்டு 42 வருடம் நினைவில்லாமல் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக், உச்ச நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பு, 2018 தீர்ப்பு, 'ஆகவே இது சிக்கலான கேள்வி' என்று ஒரு முடிவு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தது. மாணவர் மேல் தப்பில்லை, தலைப்பைப் பொதுவாக விட்டது எங்கள் தப்பு. அடுத்த முறை 'நம்ம ஊர்' என்று மட்டும் போட்டோம். சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று கிண்டலடிக்கும் அளவுக்குச் சிறுநீரக விற்பனை நடந்த காலம், 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், 2008க்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு முன்னோடியான விதம் என்று ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான். அவன் மாமா வில்லிவாக்கத்தில் இருந்தவர். அந்த ஒரு கட்டுரைக்கு முன்னால் பத்துக் கருணைக்கொலைக் கட்டுரைகள் நிற்காது. மாணவர் இதழ் நடத்துகிறவர்கள் தலைப்பை எவ்வளவு சின்னதாகக் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

சரி, முதல் இதழுக்கு வருகிறேன். அதில் எங்களுக்குப் பெருமையாக இருந்த கட்டுரை ஒன்று 14ஆம் பக்கத்தில் இருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. சோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. ஒரு மாணவியின் ஆய்வேட்டு வேலை நாட்டின் சுகாதார வரலாற்றையே திருப்பிப் போட்ட கதை அது. கட்டுரை எழுதிய எங்கள் வகுப்புப் பெண் அதைக் கொண்டாடிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்தாள்: மாதிரி கொடுத்த பெண்கள் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். அந்த இடத்தில் இருக்கும் ஒருத்தியால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்து ஆசிரியர் குழுவில் மூன்று நாள் வாதாடினோம். அந்தக் காலத்து விதிகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, பயம் எந்தக் காலத்திலும் பயம்தான் என்று இன்னொரு கட்சி. ரொம்பப் புத்திசாலிகளாக உணர்ந்தோம்.

அதே இதழின் 22ஆம் பக்கத்தில் ஒரு நோயாளியின் கதை இருந்தது. வார்டு போஸ்டிங்கில் பார்த்ததை ஒருவன் எழுதியிருந்தான். நல்ல எழுத்து. அந்த அம்மாவின் பெயரை மாற்றினோம், வயதில் இரண்டு குறைத்தோம், ஊரை எடுத்தோம். அவருக்கு என்ன நோய், கதை என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அதே தப்பை இரண்டாவது தடவை செய்தவன் ஆவேன். நாங்கள் மாற்றாமல் விட்டது அவருடைய தொழில், எந்த மாதம், ஜன்னலோர பெட், அப்புறம் அவர் கணவர் சொன்ன ஒரு வாக்கியம்.

இதழ் வந்த மறுநாள் ஒரு பிரதியை வார்டு சிஸ்டரிடம் கொடுத்தேன், பாராட்டு வாங்கத்தான். புரட்டினார். 22ஆம் பக்கத்தில் நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இது நம்ம ஜன்னலோரத்து அம்மாதானே? அவங்ககிட்ட கேட்டீங்களா தம்பி?"

கேட்கவில்லை. ஆறு பேரில் ஒருவனுக்குக்கூட அது தோன்றவில்லை. பெயரை மாற்றிவிட்டோமே, அப்புறம் என்ன என்று நினைத்தோம். 14ஆம் பக்கத்தில் காப்பகப் பெண்களின் சம்மதத்தைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, எட்டுப் பக்கம் தள்ளி, படுக்கையில் கிடந்த ஒருத்தியின் கதையை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்திருந்தோம்.

300 பிரதி அடித்திருந்தோம். ஹாஸ்டல் ஹாஸ்டலாக, அறை அறையாகப் போய்த் திரும்ப வாங்கினோம். முக்கால்வாசி கிடைத்தது. வாட்ஸ்அப்பில் போன பி.டி.எஃபை யார் திரும்பக் கொடுப்பார்கள்? எங்களுக்கு ஆலோசகராக இருந்த மேடத்திடம் போய் நின்றோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம், திட்டவில்லை. "அந்த அம்மா ரிவ்யூவுக்கு என்னைக்கு வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

சொல்ல வேண்டுமா வேண்டாமா என்றே எங்களுக்குள் சண்டை வந்தது. தெரியாதவரிடம் போய்ச் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்று இரண்டு பேர். அவர் கதை, அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று மற்றவர்கள். கடைசியில் மேடத்தோடு நானும் எழுதியவனும் ஓ.பி. முடிகிற நேரத்துக்குப் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவருக்கு முதலில் எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்றே புரியவில்லை. அப்புறம் கேட்டார்:

"எங்க ஊருக்காரங்க படிப்பாங்களா தம்பி?"

"இல்லம்மா. இங்கிலீஷ்ல இருக்கு."

"அப்ப என்னாலயும் படிக்க முடியாதுல்ல. படிச்சுக் காட்டுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து, எழுதியவன் வரி வரியாகத் தமிழில் சொன்னான். அவன் குரல் நடுங்கியது. பாதியில் அந்த அம்மா நிறுத்தினார். "நான் அழுவலையே தம்பி. அன்னைக்கு நான் அழுவவே இல்ல."

கதையின் உச்சமே அந்த அழுகைதான். அதற்காகத்தான் அந்தக் கட்டுரையை ஒரு மனதாகத் தேர்ந்தெடுத்தோம். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அடையாளம் வெளியே தெரிந்ததைவிட அதுதான் அதிகம் உறுத்தியது. தான் அழாமல் இருந்த ஒரு நாளை நாங்கள் அழ வைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தோம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. தெளிவாகவே சொல்கிறது: நோயாளியை அடையாளம் காண வாய்ப்பிருந்தால் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், வெளியிடப்போகும் பிரதியை அவருக்குக் காட்ட வேண்டும். புகைப்படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்றும் சொல்கிறது. நம் கருத்தரங்குகளில் இன்னமும் அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

படித்ததை எங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். சம்மதத்தை நோயாளி படுக்கையில் இருக்கும்போது கேட்பதில்லை, வீட்டுக்குப் போய் முதல் ரிவ்யூவுக்கு வரும்போது கேட்போம். சிகிச்சை கொடுக்கும் யூனிட்டில் இருப்பவர் கேட்கக் கூடாது. ஏனென்றால் 'டாக்டர் தம்பி' கேட்டால் எந்த அம்மாவும் முடியாது என்று சொல்ல மாட்டார். கதையை முழுசாகத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அச்சுக்குப் போகும் நாள்வரை அவர் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம். சிலர் வேண்டாம் என்றார்கள், கதைகள் போயின. எழுதியவர்கள் எங்களைத் திட்டினார்கள்.

எங்களுக்கு அதிகம் உதவியது எந்த விதிப் புத்தகத்திலும் பார்க்காத ஒரு ஏற்பாடு. சிஸ்டரிடமிருந்தே அது வந்தது. ஒவ்வொரு நோயாளிக் கதையையும், பெயர் மாற்றிய பிறகு, அதே வார்டில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுப்போம். கேள்வி ஒன்றே ஒன்று: "யாருன்னு தெரியுதா?" தெரிகிறது என்றால் எது காட்டிக்கொடுத்தது என்று கேட்போம். நோயின் பெயர் காட்டிக்கொடுத்தது ரொம்பக் குறைவு. துணைக்கு யார் வந்தார்கள், என்ன சாப்பாடு கொண்டுவந்தார்கள், எப்படிப் பேசினார்கள், இவைதான். மாணவர்கள் கதைக்கு உயிர் வரட்டும் என்று சேர்க்கிற விவரங்கள் எவையோ அவையேதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எழுத்துக்காரனாக எனக்கு அது இன்னமும் கசப்பாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மா சொன்ன 'என்னாலயும் படிக்க முடியாதுல்ல' இதழில் தமிழ்ப் பக்கங்களைக் கொண்டுவந்தது. இரண்டாவது இதழிலிருந்து நான்கு பக்கம், பிறகு பாதி. அங்கேதான் நிஜமான கஷ்டம் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் முதல் கோட்பாடாக வரும் 'அட்டானமி'யைத் தன்னாட்சி என்று எழுதினால் மாநில சுயாட்சி மாநாடு மாதிரி இருக்கிறது. ஒரு கட்டுரையில் 'நோயாளியின் தன்னாட்சியை மதிக்க வேண்டும்' என்று வந்ததைப் படித்துவிட்டு ஹாஸ்டலே சிரித்தது. கடைசியில் 'அவர் முடிவு அவருடையது' என்று நீட்டியே எழுதிவிட்டோம். இன்ஃபார்ம்ட் கன்சென்டுக்கு 'தகவலறிந்த ஒப்புதல்' என்று அரசுப் படிவங்களில் இருக்கிறது, வார்டில் அதை யாரும் சொல்வதில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்பதுதான் வார்டின் சொல். அதை வைத்தே ஒரு தலையங்கம் எழுதினோம். நாங்கள் பொறுப்பை விடும் சமயத்தில், 2024இல், மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தைத் திருத்தியபோது ஆங்கிலத்தில் 'சப்ஜெக்ட்' (ஆய்வுக்கு உட்படுபவர்) என்று இருந்ததைப் 'பார்டிசிபன்ட்' (பங்கேற்பவர்) என்று மாற்றினார்கள். முதல் பிரகடனம் வந்தது 1964இல். ஒரு சொல்லை மாற்ற அறுபது வருடம் ஆகியிருக்கிறது. நாங்கள் 'தன்னாட்சி'யோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியது பெரிய விஷயமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அடுத்த தலைவலி சர்வே கட்டுரைகள். 'முதலாமாண்டு மாணவர்களின் மனஅழுத்தம்' மாதிரி. எல்லாம் கூகுள் ஃபார்மில், ஜூனியர்கள் குழுவில், "எல்லாரும் இன்னைக்கு நைட்டுக்குள்ள ஃபில் பண்ணிடுங்க" என்று சீனியர் போட்ட மெசேஜோடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி நெறிமுறைகளைப் படித்தபோது, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் படிநிலையின் கீழே இருப்பவர்களும் வருகிறார்கள், அதில் மாணவர்களும் உண்டு என்று பார்த்தோம். அதாவது நாங்கள். சீனியர் அனுப்பும் ஃபார்மை எந்த ஜூனியர் நிரப்பாமல் இருப்பான்? கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு சேகரிப்பதற்கு முன்பே வாங்க வேண்டியது, எல்லாம் முடிந்த பிறகு போய் வாங்க முடியாது. அப்படி வந்த முதல் கட்டுரையைத் திருப்பி அனுப்பினோம். ஒரே வரி: 'நெறிமுறைக் குழு அனுமதி இல்லாததால் ஏற்க இயலாது.' அனுப்பியது என் ரூம்மேட். ஒரு மாதம் ஒரே அறையில் இருந்துகொண்டு அவன் என்னிடம் பேசவில்லை. காலையில் அலாரத்தைக்கூட எனக்கென்று அணைக்காமல் போவான்.

அதில் அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அனுமதி வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கட்டுரை கேட்கும் அறிவிப்பிலேயே அதைக் கொட்டை எழுத்தில் போட்டோம். நிராகரிக்கும் கடிதத்தை இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது, குறைந்தது ஒரு நல்ல பத்தியையாவது குறிப்பிட்டுச் சொல்வது, கூடவே ஆசிரியர் குழுவில் ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டோம். எல்லாரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடும் இடத்தில் கடிதம் மட்டும் போதாது.

150 பேரில் பெயரை மறைத்து மதிப்பிடுவது என்பதும் வேடிக்கைதான். முதல் பத்தியிலேயே யார் எழுதியது என்று தெரிந்துவிடும், 'எனினும்' போட்டால் இன்னார், ஆச்சரியக்குறி போட்டால் இன்னார். வேறொரு கல்லூரியில் எங்களைப் போலவே ஆர்வமுள்ள சிலரைப் பிடித்து, அவர்கள் கட்டுரையை நாங்களும் எங்கள் கட்டுரையை அவர்களும் பார்க்கும்படி செய்தோம். அப்போதுதான் மதிப்பீட்டுக்கு ஒரு அர்த்தம் வந்தது. நெறிமுறைக் குழுக்களில் மருத்துவம் படிக்காத பொதுமக்களில் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். விதி, தலைவரும் வெளியாளாக இருக்க வேண்டும். அதைக் காப்பியடித்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரையும் வாசகராகச் சேர்த்தோம். எங்களுக்கு வந்த விமர்சனங்களிலேயே ரொம்பக் காட்டமானவை அவருடையவை. "இதுல நோயாளி எங்கப்பா? நீதான் இருக்க" என்று ஒரு கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

யார் பெயர் போடுவது என்பதில் நான் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஐந்து பெயரோடு ஒரு கட்டுரை வந்தால் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு சின்ன அட்டவணை கேட்போம். யோசனையிலோ தரவிலோ பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, கடைசிப் பிரதிக்கு ஒப்புதல், பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு, இந்த நாலும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர். அட்டவணையைப் பார்த்ததும் ஒரு பேராசிரியர் தானே விலகிக்கொண்டார். "நான் படிக்கவே இல்லையேப்பா" என்று சிரித்தார். மாணவர்கள் பயத்தில் போட்ட பெயர் அது, அவர் கேட்டதில்லை.

பணத்துக்கு ஒரு மருந்து கம்பெனி பின்னட்டை விளம்பரம் தருவதாகச் சொன்னது. மருந்து கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்று மருத்துவ கவுன்சில் 2009இலேயே விதியைத் திருத்தியிருக்கிறது. அதைப் பற்றியே ஒரு கட்டுரையை உள்ளே வைத்துக்கொண்டு பின்னட்டையில் மாத்திரை படம் போட முடியுமா? கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி மூன்று இதழுக்குப் பின்னட்டையில் இருந்தார். எங்கள் இதழின் நிரந்தர ஆதரவாளர். இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். வாங்குவதற்குப் பணம் தேவையில்லை, டெல்லியில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் ஒன்று இலவசமாகத் தருகிறது.

மறந்துவிடுவதற்குள் இன்னொரு விஷயம். இதழுக்கென்று தனி மெயில் ஐ.டி. திறக்கும்போது மீட்புக்கு யாருடைய சொந்த நம்பரையும் போடாதீர்கள். எங்கள் மூத்த ஆசிரியை படிப்பை முடித்துப் போய் சிம் மாற்றியதும், அந்த மெயிலும் அதிலிருந்த நாற்பது சொச்சம் கட்டுரைகளும் அவரோடு போயின. வருடா வருடம் ஆசிரியர் குழு மாறுகிற இடத்தில் சாவி யாரிடம் என்பதை ஒரு நோட்டில் கையால் எழுதி, மேடத்தின் மேஜை இழுப்பறையில் பூட்டி வைப்பது போல வேறு பாதுகாப்பு இல்லை.

இப்போது குழுவில் எனக்கு யாரையும் தெரியாது, எல்லாம் மூன்று வருடம் ஜூனியர்கள். போன வாரம் இரவு டியூட்டியில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் இரண்டு பக்கம் அச்சடித்த தாள்.

"அண்ணா, இந்த வார்டுல நீங்கதானே இருக்கீங்க? இதைப் படிச்சுட்டு யாருன்னு தெரியுதான்னு மட்டும் சொல்றீங்களா?"

நல்ல எழுத்து. முதல் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பக்கத்தில் ஒரு மகன் தினமும் ராத்திரி எட்டு மணிக்குத் தூக்குவாளியோடு வந்து, அம்மா சாப்பிடும்வரை நின்றுகொண்டே இருப்பதாக ஒரு வரி. தலையைத் தூக்கி வார்டின் கடைசி பெட்டைப் பார்த்தேன்.

"தெரியுது" என்றேன்.

"எந்த வரிண்ணா?"

காட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அதுதான் கதையிலேயே அழகான வரி, அது அவளுக்கும் தெரியும். பேனாவை வாங்கி அதன் மேல் ஒரு கோடு போட்டாள். ஒரு கணம் நின்று பார்த்தாள். அப்புறம் தாளை மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாததால் படியில் இறங்கிப் போனாள்.